தொட்டியிலிருந்து ஏறி வந்தவனுக்கு

கர்த்தருக்குள் பிரியமான சின்னவனுக்கு,

அப்பா சொல்லச் சொல்லத் தையல்கடை அக்கா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீ நலமாயிருக்க ஜெபிக்கிறோம். என் வாய்க்கு அக்காவின் கை ஈடுகொடுக்கவில்லையாம். "ரயிலா பிடிக்கப் போறீங்க பெரியவரே, கொஞ்சம் நிறுத்தி நிதானமா சொல்லுங்க" என்று வைகிறாள்.

அம்மாவுக்கு முட்டிவலி. முக்காலியில் உட்கார்ந்துதான் சமையல். நேற்றுக் குழாயடியில் வழுக்கி விழப் பார்த்தாள்; அதற்கும் எனக்குத்தான் திட்டு. குரலுக்கு ஒரு குறையும் இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஒன்று நடந்தது. பிதா தம்முடைய ஒரே மகனை நமக்காகக் கொடுத்தார் என்று போதகர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தார். அம்மா எழுந்து நின்று, "கொடுத்தாரு, சரி. பெத்த அம்மாகிட்ட யாராவது ஒரு வார்த்தை கேட்டாங்களா ஐயா?" என்று கேட்டுவிட்டாள். போதகர் நல்ல மனுஷர். "அவங்க சிலுவைக்குப் பக்கத்துலயே நின்னாங்கம்மா. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்" என்றார். அம்மா உட்கார்ந்து அழுதாள். உன் அண்ணன் செத்த பிறகு அவள் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

நீ வீட்டை விட்டுப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். நீலச் சட்டை போட்டிருந்தாய், மேல் பொத்தான் இல்லை. கோயிலில் ஆண்டவருடைய சரீரம் என்று அப்பம் கொடுக்கிற இராப்போஜனத் தட்டு உன் முன்னால் வந்ததும், "ஒருத்தன் உயிரைத் தின்னுட்டுத்தான் உட்கார்ந்திருக்கேன். இன்னொருத்தர் உடம்பும் வேணாம்" என்று தள்ளிவிட்டு நடந்தாய். இப்போது சொல்கிறேன், கேள்.

ஆலையின் இரும்புத் தொட்டிக்குள் பெயின்ட் அடிக்க நீங்கள் இரண்டு பேரும் இறங்கினீர்கள். மேலே கயிற்றோடு நின்றவன் நான். உள்ளே நெடி ஏறி மயக்கம் வந்ததும், "இழுங்கப்பா" என்று அண்ணன் கத்தினான். கயிற்றை அவன் யார் இடுப்பில் கட்டினான் என்று எனக்குத் தெரியாது. கனத்தது. என் பிள்ளை வருகிறான் என்று இழுத்தேன். தொட்டியின் வாயில் உன் தலை தெரிந்ததும் எனக்கு வந்தது சந்தோஷமடா. அவன் தலை தெரிந்திருந்தாலும் அதே சந்தோஷம்தான். திரும்பக் கயிற்றை இறக்கியபோது பிடிக்க ஆளில்லை. அந்தத் துக்கம் அதற்குப் பிறகு வந்தது. அதற்காக முதலில் வந்தது பொய்யாகிவிடுமா?

கொடுத்தவன் அவன். நீ ஏன் திருடினவன் மாதிரி ஒளிந்து திரிகிறாய்?

ஆண்டவர் மறுபடி வரும்போது அவருக்குள் மரித்தவர்கள் எழுந்திருப்பார்கள் என்பதில் அம்மாவுக்குச் சந்தேகமே இல்லை. அவளுக்கு இருப்பது பயம். "பெரியவன் எழுந்து வந்தா என்னைக்கூட அப்புறம்தான் பார்ப்பான். தம்பி எங்கேம்மான்னுதான் முதல்ல கேட்பான். நான் என்னத்தைச் சொல்ல?" என்கிறாள்.

ஆண்டவர் உன்னைக் கைபிடித்து வீடு சேர்க்கட்டும். அவர் வருகிற நாள் ஒருவருக்கும் தெரியாது. நீ வருகிற நாளையாவது எழுது, ராசா.

உன் தலைமேல் கை வைத்து,
அப்பா