கோபக்காரர் இருக்கும் பாறை

ஏப்ரல் 13

அன்புள்ள பெயின்டருக்கு,

நேற்று நம் ஓடையில் நூற்றுப் பதினான்கு பேர் குளித்தார்கள். இருபத்திரண்டு வருடமாக நாம் தூண்டில் போடும் பாறையில் பதினோரு பேர் உட்கார்ந்து தர்பூசணி தின்று, தோலை மடுவில் எறிந்தார்கள். காலை ஆறு மணியிலிருந்து பத்து வரை இருந்தேன். மாட்டியது ஒரு செருப்பு. அதுவும் இடது கால்.

போனில் பேசியிருக்கலாம். ஆனால் நீ "என்ன? என்ன?" என்பாய், நான் கத்துவேன், என் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர்கள் சண்டை என்று நினைத்துக் கூடிவிடுவார்கள். உன் காது போனதிலிருந்து என் தொண்டைக்குத்தான் கேடு. அதனால் கடிதம்.

விஷயத்துக்கு வருகிறேன். மீன்வள ஆபீஸுக்குப் போனேன். மடுவிலிருந்து மதகு வரை மீன் பிடிக்கும் உரிமம் நம் இரண்டு பேர் பெயரில் இருப்பதால், இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தால் வேலி போட்டு, குளிக்கக் கூடாது என்று உத்தரவு போடுவார்களாம். மே மாதக் கடைசிக்குள் கொடுக்க வேண்டும். மனுவை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் போட்டுவிட்டேன். பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருக்கும் இடத்தில் நீ போடு.

மகள் வீட்டுக்குக் குடிபோனால் என்ன, இருபது நிமிட பஸ்தானே? ஐந்து ஞாயிறு ஆயிற்று உன்னைப் பாறையில் பார்த்து. கூட்டத்தைப் பார்த்துக் கோபித்துக்கொண்டுதான் வராமல் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். வேலி வரட்டும், நீயும் வருவாய்.

உன்,
கயிறு

*

ஏப்ரல் 19

அன்புள்ள கயிறுக்கு,

கடிதம் கிடைத்தது. மனுவும் கிடைத்தது. மகள் நலம். மருமகன் நலம் என்று அவரே சொல்கிறார்.

கையெழுத்துப் போடலாம் என்று உட்கார்ந்தேன். கை நடுங்குகிறது. வயதாகிறது அல்லவா. அடுத்த வாரம் பார்க்கிறேன்.

மீன் மாட்டாததற்குக் குளிக்கிறவர்கள்தான் காரணமா? போன வருடம் யாரும் இல்லாத மழைக்காலத்தில் நீ பிடித்தது என்ன என்று நினைவிருக்கிறதா? குடை.

அன்புடன்,
பெயின்டர்

*

ஏப்ரல் 27

அன்புள்ள பெயின்டருக்கு,

கை நடுங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியையே என் வீட்டு நிலைக்கண்ணாடியில் ஒட்டி வைக்கலாம், அவ்வளவு அழகான எழுத்து. நாற்பது வருடம் கடைக்குக் கடை போர்டு எழுதிய கை, ஒரு மனுவைப் பார்த்தால் மட்டும் நடுங்குமா? இந்தச் சரக்கை வேறு யாரிடமாவது விற்கப் பார்.

இங்கே நடப்பது எனக்கு ஒன்றும் புரியவில்லை. வரிசையாகச் சொல்கிறேன், உனக்குப் புரிந்தால் எழுது.

முதலில் ஒரு போர்டு வைத்தேன். "இங்கே குளிக்கக் கூடாது." ஃப்ளெக்ஸ் கடையில் அரை மணி நேரத்தில் அடித்துக் கொடுத்தான். அதன்மேல் ஒரு அம்மா துண்டு காயப்போட்டாள். "அம்மா, அதுல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க" என்றேன். துண்டை ஓரமாக நகர்த்திப் படித்துவிட்டு, "சரிங்க" என்று மறுபடி இழுத்து மூடினாள்.

பிறகு குப்பை போட ஒரு டிரம் வைத்தேன். என் கடை டிரம், மூடியோடு. அடுத்த ஞாயிறு நூற்று அறுபது பேர்! ஒருவரைக் கேட்டேன், "ஏங்க இத்தனை பேர்?" அவர் சொல்கிறார், "முன்னாடி இது யாரோட இடமோன்னு தயங்கினோம் சார். இப்ப டிரம்மெல்லாம் வச்சு நல்லா பண்ணியிருக்காங்க." இடத்தைச் சுத்தம் செய்யப் போய்த் திறப்பு விழா நடத்தியிருக்கிறேன்.

டிரம் பத்து மணிக்கே நிறைந்து வழிந்தது. நானே அள்ளினேன். அள்ளும்போது பார்க்கிறேன், காகிதக் கப்பில் பாதி நம் கடைச் சரக்கு. அடியில் என் முத்திரை. சனிக்கிழமை நான் சிரித்துக்கொண்டே விற்றதை ஞாயிற்றுக்கிழமை குனிந்து பொறுக்குகிறேன். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் கப்பைத் திட்டினேன்.

இதையெல்லாம் விடு. ஒரு விஷயம் என்னைத் தூங்கவிடவில்லை. குளித்துவிட்டுப் போகிறவர்கள் என் பக்கத்தில் வந்து, "கோபப்படாதீங்க சார், எடுத்துட்டோம்" என்கிறார்கள். கையில் பையில் கட்டிய குப்பை. நான் வாயே திறக்கவில்லை! ஒரு சின்னப் பெண் தூரத்திலிருந்து என்னைக் காட்டி, "அதோ, அவர்தான்" என்கிறாள். அவள் அம்மா எனக்குக் கும்பிடு போடுகிறாள். நான் என்ன செய்தேன்? என் முகத்தில் ஏதாவது எழுதி ஒட்டியிருக்கிறதா? இரண்டு முறை சட்டையைக் கழற்றி முதுகுப் பக்கத்தைப் பார்த்தேன்.

பாறையில் உட்கார உனக்குச் சிரமமாக இருக்குமோ என்று இப்போது தோன்றியது. ஒரு மடக்கு நாற்காலி அனுப்பியிருக்கிறேன். மனுவை உடனே அனுப்பு.

உன்,
கயிறு

*

மே 4

அன்புள்ள கயிறுக்கு,

நாற்காலி வந்தது. மருமகன் அதில் உட்கார்ந்து செய்தி பார்க்கிறார். மிகவும் பொருத்தம்.

போர்டு விஷயம் தெரிந்து வருத்தப்பட்டேன். நாற்பது வருடமாக உனக்கு எழுதித் தந்தவன் உயிரோடு இருக்கும்போது ஃப்ளெக்ஸ் கடைக்குப் போயிருக்கிறாய். போகட்டும். ஆனால் அந்தப் போர்டு சாலையைப் பார்த்து ஆறடி உயரத்தில் நிற்கிறது. சாலையில் வருகிறவன் இன்னும் குளிக்கவில்லை. குளிக்கிறவனுக்கு அதன் முதுகுதான் தெரியும். யாருக்காக வைத்தாய்? படிக்கிறவன் கண் எங்கே இருக்கிறதோ அங்கே எழுத வேண்டும். தொழிலில் நான் கற்றது இது ஒன்றுதான்.

நீலத் தொப்பி அம்மாவின்மேல் கோபம் வேண்டாம். அவளுக்கு முட்டிவலி. துண்டு காயப்போட ஏற்ற உயரத்தில் அங்கே வேறு எதுவும் இல்லை.

மனுவில் பெருக்கல் குறி இருக்குமிடம் எண்ணெய் பட்டு அழுக்காகிவிட்டது. புதிதாக ஒன்று அனுப்ப முடியுமா?

அன்புடன்,
பெயின்டர்

*

மே 11

பெயின்டருக்கு,

அன்புள்ள என்று எழுதி அடித்துவிட்டேன். அப்புறம் பார்க்கலாம்.

நான் ஒரு அம்மா என்றுதான் எழுதினேன். நீலத் தொப்பி என்று எழுதவே இல்லை. முட்டிவலி எனக்கே தெரியாது. போர்டு ஆறடி உயரத்தில் இருப்பதையும் நான் சொல்லவில்லை. இருபது வயதில் தெருத்தெருவாகக் கயிறு விற்றவன் நான். எதிரில் நிற்பவன் பையில் கையை விடும் விதத்தைப் பார்த்தே வாங்குவானா மாட்டானா என்று சொல்லிவிடுவேன். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன்.

நேற்று ஓடைக்குப் போனேன். பாறைக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பை சிக்கியிருந்தது. குச்சியால் எட்டவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவை. கால் வழுக்கி மார்பு வரை போய்விட்டேன். சுற்றியிருந்த கூட்டம் "பார்த்து, பார்த்து!" என்று கத்தியது. நிமிர்ந்து பாறையைப் பார்த்தேன்.

தண்ணீரைப் பார்த்த பக்கத்தில், வெள்ளை எனாமலில், கறுப்பு ஓரம் கட்டி எழுதியிருக்கிறது:

"இந்தப் பாறைமேல் ஒரு கோபக்காரர் இருக்கிறார். அவருக்குக் குப்பை பிடிக்காது. கொண்டுவந்ததைக் கொண்டுபோங்கள்."

மேலே உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாது. கரையில் நிற்பவனுக்குத் தெரியாது. தண்ணீரில் கிடக்கிறவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்த 'க'வின் வளைவு ஊரில் ஒருவனுக்குத்தான் வரும். என் கடைப் பெயரில் மூன்று இடத்தில் இருக்கிறது அந்தக் 'க'.

நான் நின்ற நிலையைப் பார்த்து நீலத் தொப்பி அம்மா நீந்தி வந்தாள். "எழுதினவரை உங்களுக்குத் தெரியாதா? வாரத்துல மூணு நாள் காலையில இங்கதான் மிதப்பாரு. எனக்கு மிதக்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான். நீங்க மூச்சை விடுங்க, ஏன் இப்படி விறைச்சுக்கிட்டு நிக்கிறீங்க?"

மூச்சை விட்டேன். கால் தானாக மேலே மிதந்தது. அது வேறு கதை.

தண்ணீரில் ஆட்டம் போடுகிற எருமைகள் என்று அவர்களுக்குப் பெயர் வைத்தது யார்? நானா? அந்தப் பாறையில் உட்கார்ந்து நீ சொன்னது. உன் கோபத்துக்காக நான் ஆபீஸ் படி ஏறினேன். உன் கோபத்துக்காக டிரம் வைத்தேன். கடைசியில் உனக்குக் கோபமே இல்லை, நான்தான் ஊருக்கே கோபக்காரன்! யார் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. என்னிடம் சொல்ல என்ன தடை? நேராக எழுது. இல்லாவிட்டால் எழுதாதே.

கயிறு

*

மே 16

அன்புள்ள கயிறுக்கு,

நீ அடித்தாலும் நான் எழுதுவேன்: அன்புள்ள.

மார்ச்சில் ஏணியிலிருந்து விழுந்தேன். உயரம் ஒன்றுமில்லை, நான்கு படி. இடுப்பு போய்விட்டது. பாறையில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும். டாக்டர், "தண்ணீரில் மிதந்து பாருங்கள், அதுதான் மருந்து" என்றார். நான் சிரித்தேன். பிறகு ஒரு புதன்கிழமை, யாரும் பார்க்காத நேரம் என்று நினைத்துப் போனேன். நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. ஒரு கல்லூரிப் பையன் கையைப் பிடித்து இறக்கிவிட்டான். அந்தத் தண்ணீரில் மட்டும்தான் எனக்கு வலி இல்லை.

உன்னிடம் சொல்லியிருந்தால் நாற்காலி அனுப்பியிருப்பாய். சொல்லாமலே அனுப்பிவிட்டாய். நாற்காலியில் உட்கார்ந்து மீன் பிடிக்கிறவனை நாம் இருவரும் எப்படிக் கேலி செய்வோம் என்று எனக்குத் தெரியும். எருமைகள் என்று சொன்ன வாயால், நானும் ஒரு எருமை என்று எப்படிச் சொல்வது? ஒரு ஞாயிறு தள்ளிப்போட்டேன். அப்படியே ஒன்பது ஞாயிறு ஆகிவிட்டது.

ஆனால் குப்பை எனக்கும் பிடிக்கவில்லை. பக்கத்தில் மிதப்பது கப்பா மீனா என்று தெரியாமல் எத்தனை நாள் திடுக்கிட்டிருக்கிறேன். "குப்பை போடாதே" என்று எழுதினால் யாரும் மதிக்க மாட்டார்கள். மேலே ஒரு ஆள் இருக்கிறார் என்றால் மதிப்பார்கள். எனக்குத் தெரிந்த ஆள் நீதான். ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்து, யாரோடும் பேசாமல், முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருப்பாய். பொய் ஒன்றும் எழுதவில்லை.

வேலி வந்தால் உனக்கு மீன் கிடைக்கும். எனக்கு இடுப்பு போகும். வேலி வராவிட்டால் உன் பாறை போகும். எது நியாயம் என்று யோசித்து யோசித்து எனக்கும் குழப்பம்தான். நீ கேட்டதால் போட்டுவிட்டேன். இதோ, கையெழுத்திட்ட மனு. நீ அனுப்பிய அதே தாள்தான். எண்ணெய் எதுவும் படவில்லை. ஆபீஸில் கொடுப்பதும் கிழிப்பதும் உன் பாடு. பேரம் பேச வேண்டும் என்றால் அதற்கும் தயார். அது உன் தொழில்.

என்றும்,
பெயின்டர்

*

மே 25

அன்புள்ள எருமைக்கு,

மனுவை நான்கு நாள் கல்லாப்பெட்டியில் வைத்திருந்தேன். வியாழன் அன்று எடுத்துக்கொண்டு ஆபீஸ் வாசல் வரை போனேன். கையெழுத்தைப் பார்த்தேன். கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. கொடுத்தால் எனக்குப் பாறை இருக்கும், பக்கத்தில் ஆள் இருக்காது. தனியாக உட்கார்ந்து மீன் பிடிப்பதற்கு நான் சந்தையில் வாங்கிக்கொள்ளலாமே. திரும்பி வந்துவிட்டேன். நான் செய்தது சரியா என்று இன்னும் தெரியவில்லை. நேற்றும் நூற்று ஐம்பது பேர். நேற்றும் மீன் இல்லை. ஆனால் நேற்றுப் பொறுக்கியது அரை டிரம்தான்.

ஏணியிலிருந்து விழுந்ததைச் சொல்லாததை மன்னிக்கவில்லை. அது தனிக் கணக்கு. நேரில் கத்தித் தீர்த்துக்கொள்கிறேன். கடையில் இருப்பவர்கள் கூடட்டும்.

வேலி போட்டால் வேறு மடுவுக்குப் போவார்கள், அங்கேயும் என் கப்பைத்தான் போடுவார்கள். அதனால் இப்படிச் செய்யலாம். ஞாயிறு விடிந்ததிலிருந்து எட்டு மணி வரை தூண்டில், எட்டுக்கு மேல் மிதப்பவர்கள். நீலத் தொப்பி அம்மா எல்லோரிடமும் பேசி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டாள். அவளை என் கடையில் விற்பனைக்கு வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. சனி, ஞாயிறு காகிதக் கப் விற்க மாட்டேன். நஷ்டம்தான், இருந்தாலும் என் சரக்கை நானே பொறுக்குவது அதைவிட நஷ்டம். ஃப்ளெக்ஸைக் கழற்றிவிட்டேன், கம்பத்தை மட்டும் விட்டிருக்கிறேன், துண்டு காயப்போட.

பாறையில் எழுதியது அப்படியே இருக்கட்டும். 'கோபக்காரர்' என்பதில் வெள்ளை கொஞ்சம் உரிந்திருக்கிறது. வரும்போது எனாமல் கொண்டுவா.

கடையில் பழைய லாரி டியூப் முப்பது கிடந்தது. காற்றடித்து ஓடைக்கரையில் வாடகைக்கு விடப் போகிறேன். உனக்கு மட்டும் விதிவிலக்கு: விடிந்ததுமே வந்து ஒன்றில் நீ படுத்துக்கொள், நான் மேலே பாறையில் இருக்கிறேன்; எட்டு மணி வரை உன் பக்கம் தூண்டில் வீச மாட்டேன்.

டியூப் ஒன்றுக்கு வாடகை ஒரு சாக்குக் குப்பை. உனக்கும் அதே விலைதான், தள்ளுபடி கிடையாது.

உன்,
கோபக்காரன்