கால் கழுவுற குழாய் இருந்த இடம்

மாமா,

நான் சிதம்பரத்துக்கு அண்ணன் வீட்டுக்குப் போறேன். ஷிஃப்ட் முடிஞ்சு வந்து தேடுவீங்கன்னுதான் எழுதுறேன். சோறு குக்கர்ல, ரசம் அடுப்பு மேல. மீன் கொழம்பு வைக்க மனசு வரல.

பழைய மீன்குளத்துக்கு அடியில ஓட்டை போட்டு, தண்ணி வடிய டிரெயின் பைப் வச்சது நல்ல வேலைதான். வாளியால அழுக்குத் தண்ணி மொண்டு உங்க முதுகு போனது எனக்கும் தெரியும். ஆனா அந்த வால்வை, வாசல்ல கால் கழுவுற குழாய் இருந்த அதே இடத்துலயா வைப்பீங்க? நான் வேலைக்குப் போயிருந்தப்ப குழாயைப் பின்பக்கம் மாத்திட்டு, ஒரு வார்த்தை சொல்லல. நேத்து இருட்டுல வந்தேன், கை தானா அங்க போச்சு. திருகினேன், தண்ணி வரல. ரிப்பேருன்னு நெனச்சு, திருப்பி மூடாம அப்படியே உள்ள போய்ட்டேன். குளத்துத் தண்ணி தென்னை மரத்துக்குப் போவுதுன்னு நான் என்னத்தக் கண்டேன்?

காலையில குளம் வத்தி மீன் செத்துக் கெடந்ததும், நான் வேணும்னே தொறந்தேன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி கத்துனீங்க. வேணும்னே செய்யறவ சேத்துல எறங்கி, உசுரோட இருந்த மீனையெல்லாம் டிரம்முல அள்ளிப் போட்டு, குளம் ரொம்பினதும் திருப்பி விடுவாளா?

இன்னைக்குக் குறிஞ்சிப்பாடிலேர்ந்து உங்க அப்பா வராரு. அவரு கால் கழுவாம படி ஏற மாட்டாரு. வால்வை என் பழைய புடவைத் துணியால இறுக்கிக் கட்டியிருக்கேன், அவுக்காதீங்க. அவரு தொறந்துட்டா, அவரையும் வேணும்னேன்னு சொல்லுவீங்களா?

வினோதினி

முதுகுக்குத் தைலம் டிவி பக்கத்துல இருக்கு.

ஞாயித்துக்கிழமை வரேன். வாசல்ல கால் கழுவக் குழாய் இருந்தா உள்ள வருவேன்.