கிழக்கு வேலியோரம் எரிந்த பச்சை விளக்கு

அன்புள்ள மகன் தீபுவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் உடம்புக்குக் கேடில்லாமல் இருக்கிறோம், கண் ஆபரேஷனுக்குப் பிறகு அப்பா பத்திரிகையை மூக்கில் ஒட்டாமல் படிக்கிறார். நீயும் பஹ்ரைனில் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன், ஏசிக்கு நேர் கீழே படுத்துச் சளி பிடித்துக்கொள்ளாதே. நினைத்தபோதெல்லாம் போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதம் எடுத்தாள் என்று யோசிப்பாய். போனில் சொல்ல வாய் வரவில்லை மக்கா. சொல்லத் தொடங்கினால் நீ சிரிப்பாய், நானும் கூடச் சிரித்துத் தப்பித்துவிடுவேன், இது சிரித்துத் தள்ளுகிற காரியம் அல்ல. உன் கூட்டாளி சஜு லீவு முடிந்து திங்கட்கிழமை உங்கள் ஊருக்குத் திரும்புகிறான், நார்த்தங்காய் ஊறுகாயோடு இதையும் அவனிடம் கொடுத்துவிடுகிறேன்.

போன வாரம் வெள்ளிக்கிழமை லேப்டாப்பில் நெட் வரவில்லை, உன் முகம் பார்க்க முடியவில்லை என்று உன்னைக் கூப்பிட்டேனே, நினைவிருக்கும். நீ ஏதோ அவசரத்தில், பக்கவாட்டில் சின்ன சுவிட்ச் உண்டு, அதை முன்னால் தள்ளிப் பிடித்தால் பக்கத்தில் ஒரு பொட்டு விளக்கு மினுங்கும், நெட் இருக்கிற இடத்தில் பச்சையாக நிலைத்து நிற்கும், லேப்டாப்பைத் திறக்கக்கூட வேண்டாம் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அந்தச் சுவிட்ச் கையை எடுத்தால் பழைய இடத்துக்கே ஓடிவிடுகிறது, நகத்தால் அழுத்திப் பிடித்துப் பிடித்து எனக்கு நகக்கண்ணே நொந்துபோயிற்று. ஹாலில் பிடித்தேன், மினுங்கி அணைந்தது. உன் அறையிலும் அடுக்களையிலும் அதே கதை. விளக்குதான் கேடோ என்று வெளிச்சம் பார்க்க முற்றத்துக்கு எடுத்துக்கொண்டு போனேன், நடந்து நடந்து கிழக்கு வேலியோரம் போய் நின்றபோது பச்சையாக எரிந்தது, அசையவில்லை. அதற்கு அப்புறம் ஜெபகுமாரியின் அடுக்களைச் சுவர். உன் அம்மாவின் மூளைக்கு அப்போது என்ன தோன்றியது தெரியுமா? நம் வீட்டில் நெட் இல்லை, அவள் வீட்டில் இருக்கிறது, ஆக நம்முடையதைத்தான் அவர்கள் எப்படியோ இழுத்துக்கொண்டார்கள். அப்பா, மகனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் பேசு என்றார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது, சும்மா இரும் என்று அவர் வாயை அடைத்தேன்.

அதோடு விட்டேனா? ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருப் பெண்களின் அயல்கூட்டம் இருந்தது, வாரம் ஒரு வீடு என்று மாறி மாறிக் கூடுகிறோமே, அந்த வாரம் ஜெபகுமாரியின் வீட்டு முறை. லேப்டாப்பை முறம் போல இடுப்பில் இடுக்கிக்கொண்டு போனேன். அவள் போட்ட சாயாவைக் குடித்தேன், அவள் வைத்த நேந்திரம்பழமும் தின்றேன், எல்லாம் தின்று முடித்துவிட்டு எழுந்து அவள் சுவரோரம் அந்த விளக்கைப் பிடித்துக் காட்டினேன், பாருங்கள் பெண்களே, எங்கள் வீட்டு நெட் எங்கே எரிகிறது என்று. ஜெபகுமாரி முகம் வெளுத்து, “அக்கா, எங்களுக்கும் நெட் உண்டு, லிஜிக்க படிப்புக்கு எடுத்ததாக்கும்” என்றாள். மாட்டிக்கொண்டதும் நல்ல கதை வருகிறதே என்று நான் சொன்னேன். ஆமாம் மக்கா, நான்தான் சொன்னேன். ஜெபகுமாரியின் மகள் லிஜி அப்போது வாசலில்தான் நின்றாள். பிரசீதாவும் மற்றவர்களும் சாயா டம்ளரை வைத்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள், நான் என்னவோ ஜெயித்துவிட்டதாக நினைத்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் மறுபடி இடி வெட்டியது. ஐப்பசியில் இங்கே இடி எப்படி விழும் என்று உனக்குத் தெரியும், மேகம் கறுத்தாலே அப்பா எல்லா பிளக்கையும் சுவரிலிருந்து கழற்றி ஊரிவிடுவார். ஷோகேஸில் உன் பட்டமளிப்புப் போட்டோவுக்குப் பின்னால் நெட்டுப் பெட்டி இருக்கிறதே, அதன் பிளக்கை ஊரக் கையை விட்டவர் அப்படியே நின்றுவிட்டார். “எடியே, நான் வியாழக்கிழமை ஊரினது இன்னும் கீழதான் கெடக்கு” என்றார். நம் நெட்டை யாரும் இழுக்கவில்லை, நாமே அணைத்துப் போட்டிருந்தோம். செவ்வாய்க்கிழமை உன்னிடம் ஒன்றும் அறியாதவள் மாதிரி, அந்த விளக்கு யாருடைய நெட்டைக் காட்டும் என்று கேட்டேன். யார் வீட்டு நெட்டானாலும் காட்டும் அம்மா, அதற்கு நம்முடையது அடுத்தவருடையது தெரியாது என்று சொல்லிவிட்டு நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பு இன்னும் காதில் கிடந்து குடைகிறது.

இன்னும் ஒன்று உண்டு, அதை அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. புதன்கிழமை நெட்டுப் பெட்டியை நானே அணைத்துவிட்டு லேப்டாப்போடு மேற்குப் பக்கம் போனேன், பொன்னப்பன் சார் வீட்டு மதிலோரம். அங்கேயும் அதே பச்சை, அதே மாதிரி அசையாமல். அன்றைக்கு நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை தீபு. சார் பென்ஷன்காரர், கார் வைத்திருக்கிறார், அவர் எடுப்பார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஜெபகுமாரியின் புருஷன் அப்புக்குட்டன் அம்பூரியில் கூலிக்கு ரப்பர் வெட்டப் போகிறவன், அதனால் பார்த்தவுடன் தோன்றிவிட்டது. விளக்கு ஒரு குற்றமும் செய்யவில்லை, இருந்ததைக் காட்டியது. என்னைத்தான் அது பிடித்துக் காட்டியது என்று இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

மழைக்காலத்தில் அவர்கள் கிணறு கலங்கிச் சிவந்துவிடும், குடிக்க நம் கிணற்றிலிருந்துதான் எடுப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஜெபகுமாரி வேலி இடைவழியில் வரவில்லை, ரோட்டைச் சுற்றிக்கொண்டு பஞ்சாயத்துக் குழாய்க்குப் போகிறாள். நான் அடுக்களை ஜன்னலில் நின்று பார்க்கிறேன், அவள் குடத்தை இடுப்பு மாற்றும்போது என் தலை தானாகக் குனிகிறது. வியாழக்கிழமை மனசைத் தேற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், தெரியாமல் சொல்லிவிட்டேன் ஜெபா, மனசில் வைக்காதே என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், தலை நிமிரவில்லை. “நீங்க சொன்னது கூட்டத்திலயாக்கும் அக்கா. அங்க வச்சு சொல்லுங்க. இங்க எனக்கு ஒண்ணும் கேக்கண்டாம்” என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், அத்தனை மெதுவாகச் சொன்னாள். நேற்று வீடியோவில் அம்மா முகம் ஏன் வாடியிருக்கிறது என்று நீ கேட்டாயே, தலைவலி என்றது பொய்.

நாளை ஞாயிற்றுக்கிழமை, கூட்டம் நம் வீட்டில். அவள் வருவாள், வராமல் இருக்கிறவள் அல்ல. நான் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, நெட் போனது எங்கள் பிளக் ஊரிக் கிடந்ததால், ஜெபகுமாரி ஒன்றும் எடுக்கவில்லை, மேற்கே பார்க்காமல் கிழக்கே மட்டும் போனது என் புத்தி என்று சொல்ல வேண்டும், லிஜியையும் கூப்பிட்டு வைத்துச் சொல்ல வேண்டும். இப்போதே காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொள்ளலாமா, கூட்டத்தைப் பிரசீதா வீட்டுக்கு மாற்றலாமா என்றெல்லாம் மனசு குறுக்கு வழி தேடுகிறது. உன் அம்மாவை எனக்குத் தெரியாதா? அதனால்தான் நாளை வரை காத்திருக்காமல் இந்தக் கடிதத்தை இன்றைக்கே ஒட்டி சஜு கையில் கொடுக்கப் போகிறேன், கொடுத்த பிறகு திருப்பிக் கேட்க முடியாதே.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, ஊறுகாயை எண்ணெய் மேலே நிற்கிற மாதிரி வை, கடவுள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காக்கட்டும். இதைப் படித்ததும் போன் பண்ணு, வேறெதுவும் விசாரிக்க வேண்டாம், அம்மா, சொன்னாயா என்று மட்டும் கேள். நான் பேச்சை மாற்றினால் போனை வைத்துவிடு மக்கா, சொன்ன பிறகு நானே கூப்பிடுகிறேன்.

உன் தலையில் கைவைத்து வாழ்த்தும்
அம்மா ஸ்ரீகுமாரி