ஆகட்டுங்க என்று சொன்னவர்கள்

குடவாசல்
8-3-93

அன்பு மகன் கோவிந்தராசுக்கு அப்பா தங்கையன் எழுதுவது. முதலில் என் எழுத்தைப் பொறுத்துக்கொள், வரி மேலே ஏறுகிறது, பிறகு கீழே இறங்குகிறது, ழ போட்டால் அதன் வால் அடுத்த வரியில் போய் இடிக்கிறது. ஆனாலும் இது என் கை எழுதியது, போஸ்ட்மேன் எழுதியது இல்லை. இங்கே நானும் அம்மாவும் மாடும் கன்றும் சுகம், நீ கடல் தாண்டிப் போய் மேனேஜராக இருக்கிற மில்லில் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பு நன்றாக இருந்தால் அதுதான் எங்கள் பெரிய சுகம். அறிவொளி வகுப்பில் மளிகைக்கடை அப்துல் அஜீஸ் பாய் மகள் நூர்ஜஹான்தான் எனக்கு டீச்சர். இப்போது பஸ் போர்டு எல்லாம் படிக்கிறேன். நம் மதகுச் சுவரில் பெரிதாக எழுதியிருப்பது கட்சிக்காரர்களின் எழுத்து என்று இத்தனை வருஷமும் மரியாதையாக ஒதுங்கிப் போனேன், படித்துப் பார்த்தால் பல்பொடி விளம்பரம். அம்மாவுக்கு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பு.

உன் கடிதத்தையும் யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன். முன்பெல்லாம் போஸ்ட்மேன் கடகடவென்று படித்து, எல்லாம் நல்ல சேதிதான் என்று மடித்துக் கொடுத்துவிடுவார். இந்தத் தடவை விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்ததால் ஒரு வார்த்தையில் விரல் நின்றுவிட்டது, அதிலிருந்து மனசு சரியில்லை. நோன்புப் பெருநாளுக்கு ஒரு நாள்தான் லீவு, யாரும் ஊருக்குப் போகக்கூடாது, ஜப்பானுக்கு நூல் ஏற்றும் கப்பல் காத்திருக்காது என்று மில்லில் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னாய், அவர்களும் தலை குனிந்து சிரித்த முகத்தோடு இங்கி, இங்கி என்றார்கள், அவர்கள் பாஷையில் சரிங்க என்று அர்த்தம், எதிர்த்து ஒரு வார்த்தை பேசாத தங்கமான ஜனங்கள் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். மதராஸ் முதலாளியும் உன்னைப் புகழ்ந்தாராம். கோவிந்தராசு, அந்த இங்கி என்ன என்று எனக்குத் தெரியும் போல இருக்கிறது, அதுதான் பயம்.

உனக்கு விவரம் தெரியாத வயதில் இங்கே நடந்தது. பண்ணையில் துரைராசு காரியக்காரராக இருந்தார், வேலை வாங்குவதும் கூலி அளப்பதும் அவர்தான். அறுப்புக்கு முந்தின நாள் எங்களைக் களத்தில் நிற்க வைத்து, இந்த வருஷமும் பழைய கூலிதான், வெளியூர் ஆளும் அறுக்க வரும் என்றார். நாங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஆகட்டுங்க என்றோம். பண்ணையில் வேறு வார்த்தை சொல்லி எங்களுக்குப் பழக்கமே இல்லை. மனசுக்குள் முடியாது என்றாலும் வாயில் வருவது ஆகட்டுங்கதான். துரைராசு நிம்மதியாகத் தூங்கியிருப்பார். விடிந்தால் ஒருவரும் அரிவாளோடு போகவில்லை, எல்லோரும் வரப்பை மறித்து நின்றோம். லாரியில் வெளியூர் ஆள் இறங்கியது, பின்னாலேயே போலீசும். துரைராசு குடையோடு ஓடி வந்து, “நேத்து ஆகட்டும்னீங்களேடா, நேத்து ஆகட்டும்னீங்களே” என்றார். அந்தக் குரல் அழுகிற குரல் மாதிரி இருந்தது. அவர் மேல் விழுந்தது எந்தப் பக்கத்துக் கம்பு என்று இன்றுவரை தெரியாது, குடை வாய்க்காலில் மிதந்து போனது, அவர் வலது கை அதோடு போயிற்று. பண்ணையார் தஞ்சாவூர் பங்களாவில் இருந்தார், வந்து பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு நாங்கள் மறித்தது தப்பென்று எனக்கு இப்போதும் தோன்றவில்லை. ஆனால் துரைராசு கடைத்தெருவில் இடது கையால் டீ குடிப்பதை இப்போது பார்த்தால் வந்த வழியே திரும்பிவிடுகிறேன். ஏனென்றால் என் மகன் இன்று நிற்பது நாங்கள் நின்ற இடத்தில் இல்லை, அவர் நின்ற இடத்தில். அவருக்காவது எங்கள் பேச்சு தெரியும். உனக்கு நடுவில் ஒருவன் நின்று மாற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நூர்ஜஹானிடம் கேட்டேன். பெருநாளுக்கு வீட்டுக்குப் போகாதே என்றால் எங்க அத்தா வாயிலும் ஆகட்டும் என்றுதான் வரும், ஆனால் பஸ் ஏறிவிடுவார் என்றாள். பயம் தாங்காமல் அவளையும் கூட்டிக்கொண்டு போன் கடைக்குப் போய், உன் கடிதத்தாளில் அச்சடித்திருந்த நம்பரைப் போட்டோம். யாரோ எடுத்தார்கள், கோவிந்தராசுவைக் கூப்பிடுங்க என்றேன், இங்கி என்றார், திரும்பச் சொன்னேன், இங்கி, இங்கி என்று பணிவாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். தந்தி கொடுக்கலாம் என்றால், தந்தி என்றதும் யாரோ செத்துவிட்டார்கள் என்று நீ பதறுவாய் என்று அம்மா தடுத்துவிட்டாள். நாலு எழுத்து தெரிந்ததும் மேனேஜருக்கே மேனேஜர் ஆகிவிட்டீர்களா என்று கிண்டலும் செய்தாள், ஆனால் அன்று அவளும் சாப்பிடவில்லை.

உன் வேலை எனக்குத் தெரியாது. கப்பல், ஜப்பான்காரர், மதராஸ் முதலாளி என்று மூன்று பக்கமும் உன்னை இழுப்பது தெரிகிறது. ஒன்று மட்டும் செய். கூட்டமாக நிற்க வைத்துக் கேட்காதே. வயதில் மூத்த ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரச் சொல், நீயும் உட்கார், அவராக வாய் திறக்கும் வரை நீ பேசாதே. முடியாது என்று அவர் சொல்லிவிட்டால் கோபப்படாதே, அது உன்னைக் காப்பாற்றுகிற வார்த்தை. லீவு கொடுத்தால் ஜப்பான்காரர் கோபிப்பார் என்றால் அவருக்கு முன்கூட்டியே எழுதிக் கேள். அப்படியும் சரிவரவில்லை என்றால் அவர்கள் எதிர்த்து நிற்கிற அன்றைக்கு மில் கேட்டில் போய் நிற்காதே சாமி. வேலை போனால் போகட்டும், இங்கே நம் துண்டு நிலத்தில் உளுந்து நன்றாகக் காய்த்திருக்கிறது. ஆற்றில்தான் தண்ணீர் இல்லை, குறுவைக்கு விடுவார்களா என்று தெரியவில்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியே இருக்கிறது.

பெருநாளுக்குள் இது வந்து சேருமோ என்று பயமாக இருக்கிறது. நூர்ஜஹான் நான் எழுதித் தருகிறேன், சீக்கிரம் முடியும் என்றாள். வேண்டாம் என்றேன். அழகான எழுத்தை நீ ஓட்டமாகப் படித்துவிடுவாய், என் கோணல் எழுத்தை விரல் வைத்துத்தான் படிக்க வேண்டும். உன் தலைக்கு ஒன்றும் வராமல் காளியம்மன் காக்கட்டும், எங்கள் ஆயுசும் சேர்ந்து உனக்கு இருக்கட்டும். மறக்காமல் உடனே பதில் போடு. சின்ன வயதிலிருந்தே நான் எது சொன்னாலும் ஆகட்டும்பா என்று சொல்லிவிட்டு ஓடிப்போவது உன் வழக்கம். இந்தக் கடிதத்துக்கு அப்படி எழுதிவிடாதே. முடியாது என்றால் முடியாது என்றே எழுது, அதை நானே படித்துக்கொள்வேன். பதில் வந்தாலும் வராவிட்டாலும் அடுத்த வாரம் எழுதுவேன்.

இப்படிக்கு
உன் அப்பா
தங்கையன்
(கைநாட்டு இல்லை, கையெழுத்து)