கிழிந்து வந்த கட்டளை

நிலா நிலையம். ஆயுத பூஜைக்கு முந்தைய நாள், 16:10

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் ஃபயர்வால், இந்த நிலையத்தின் காவல் மென்பொருள். பூமியிலிருந்து வரும் ஒவ்வொரு செய்தியையும் சந்தேகிப்பது என் வேலை. எனக்கென்று உடம்பு கிடையாது. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருளுக்குள் குடியிருக்கிறேன். அது வீட்டுக்காரர், நான் வாடகைக்காரன். எங்களுக்கு நடுவே டிரைவர் என்ற சின்ன மென்பொருள் செய்திகளைக் கைமாற்றுகிறது. போக்குவரத்து இயல்பு. தாக்குதல் இல்லை.

அதே நாள், 18:40

பூஜைக்கு எல்லாம் புதிதாக இருக்க வேண்டும் என்று இயக்குநர் உத்தரவு. வீட்டுக்காரரைப் புதிய பதிப்புக்கு மாற்றிவிட்டார்கள். என் டிரைவர் பழையது. முதலில் டிரைவரை மாற்ற வேண்டும், பிறகுதான் வீட்டுக்காரரை என்று கையேட்டின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. கையேட்டைச் சந்தனம் வைத்துப் பூஜையில் அடுக்கிவிட்டார்கள்.

விளைவு: சின்னச் செய்திகள் முழுதாக வருகின்றன. பெரியவை கிழிந்து வருகின்றன. பேச்சு சின்னது. கையொப்பமிட்ட கட்டளை பெரியது. ஆக, இங்கே திட்டு வாங்கலாம், வேலை வாங்க முடியாது.

எச்சரித்தேன். பூமியில் உள்ள கட்டுப்பாட்டு அறையின் சிவபாதம் பதில் அனுப்பினார்: “பூஜைல வெச்ச கீபோர்டை நாளன்னைக்குத்தான்பா எடுப்போம். அதுக்குள்ள நிலா எங்க ஓடிடப் போகுது?”

ஆயுத பூஜை, 11:25

அமலோற்பவம், நிலையத்தின் ஒரே மனிதர், பாறை சேகரித்துத் திரும்பி வெளிக்கதவின் முன் நிற்கிறார். திறக்கும் கட்டளையைப் பூமிதான் தர வேண்டும். வெளியே கைப்பிடி வைப்பதாக இருந்தது. திருட்டுப் பயத்தால் கைவிட்டார்கள். அவர் உடையில் ஒரு மணி நேரக் காற்று.

“சிவபாதண்ணே, கதவு தொறக்கலை. என்ன பண்ணுதீய அங்க?”

“பொரி சாப்பிடுறோம்மா. இரு, டைரக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு கீபோர்டைத் தொடுறேன்.”

11:50

அனுமதி கிடைத்தது. சந்தனம் துடைக்கப்பட்டது. கதவைத் திறக்கும் கட்டளை வந்தது, கிழிந்து. புதிய டிரைவர் வந்தது, கிழிந்து. என்னை நிறுத்தச் சொல்லும் கட்டளையும் அப்படியே. கையொப்பம் பொருந்தவில்லை. மூன்றையும் மறுத்தேன்.

“அழாதம்மா.”

“அழலை. ஒங்களைத்தான் ஏசுதேன்.”

12:14

சிவபாதத்துக்கு யோசனை வந்தது. கதவுக் கட்டளையைச் சிறு துண்டுகளாக அனுப்பினார். ஒன்றும் கிழியவில்லை. சேர்த்துப் பார்த்தேன். முழுமை. கையொப்பம் சரி.

விதி ஏழு: துண்டு துண்டாக வரும் கட்டளை தாக்குதலின் அடையாளம்.

மறுத்தேன். இந்த முறை டிரைவர் மேல் பழி போட முடியாது.

“ஏ மிசினு, கேக்குதா? நான்தாம்லே, அமலோற்பவம். தெனமும் ஒனக்குக் குட்மார்னிங் சொல்லுதேன்லா. தொற.”

குரலை அடையாளமாக ஏற்க விதி இல்லை.

12:31

கதவைத் தட்டும் அதிர்வு நின்றது.

விஜயதசமி, 09:05

“அமலோற்பவம்... பேசும்மா.”

சின்னச் செய்தி. அனுமதித்தேன். வாங்க ஆள் இல்லை.

போக்குவரத்து இயல்பு. தாக்குதல்: ஒன்று. முறியடிக்கப்பட்டது.