பதினொரு பிஸ்தா மரங்களும் கந்தல் முடிச்சுகளும்

சங்கோபாத், மலையடிவாரம்
பிப்ரவரி 18

அருளாளனின் பெயரால் தொடங்கி, அன்பு மகன் ஷாதியாருக்கு உன் தந்தை அப்துஜலால் எழுதுவது. உன்மீது சாந்தி நிலவட்டும். உயிரைத் தந்தவன் அளந்த அளவில் நானும் உன் தாயும் நலம். பனி மூடிய அந்த ரஷ்ய நகரத்தில் நீயும் மார்புச் சளியின்றி இருக்க ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் கையேந்துகிறோம். சாந்து குழைக்கும்போது கையுறையைக் கழற்றாதே. இங்கே கறுப்பு ஆடு இரட்டைக் குட்டி ஈன்றது, மழைதான் மூன்றாம் ஆண்டாகப் பொய்த்துவிட்டது.

மகனே, எனக்கு ஒரு குழப்பம், அதைத் தீர்க்க உன்னைவிட்டால் ஆளில்லை. எட்டு ஆண்டுகளுக்கு முன் நாம் விதை ஊன்றி வளர்த்த பதினொரு பிஸ்தா மரங்களும் சென்ற வசந்தத்தில் முதன்முதலாகப் பூத்தபோது, இது ஆண், இது பெண் என்று நீ சொல்லிக்கொண்டே நடந்தாய். நான் தலையாட்டினேனே தவிர மனத்தில் இருத்தவில்லை. கோடை முடிவில் ஐந்து காய்த்தன, ஆறு காய்க்கவில்லை. மகரந்தத்துக்கு இரண்டு ஆண் போதும், மற்ற நான்கையும் குளிர்காலத்தில் வெட்டினால் இருக்கும் ஈரம் பெண் மரங்களுக்கே சேரும், காய் நின்றால் நீ மறுபடி ரயிலேற வேண்டியதில்லை என்று கணக்கிட்டு, பழைய வெள்ளைத் தலைப்பாகையைக் கிழித்து அந்த நான்கிலும் அடையாளம் கட்டினேன். இறைவன் பெயர் சொல்லும் பிஸ்மி இல்லாமல் எதையும் தொடாத பழக்கம் எனக்கு, அப்போதும் சொன்னேன்.

அதை அடுத்த வீட்டு பீபிஹலீமா பார்த்துவிட்டாள். "ஹஜ்ரத்தே பிஸ்மி சொல்லிக் கட்டுறாருன்னா அது சும்மா மரமா இருக்குமா?" என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறாள். பிள்ளை வேண்டி ஒருத்தி, புருஷன் கடிதம் போட வேண்டி ஒருத்தி, பசு சினைபிடிக்க ஒருத்தி. இலை உதிர்ந்த பிறகு போய்ப் பார்த்தால் பதினொரு மரத்திலும் கந்தல், அதிலும் பாதி வெள்ளை, என் முடிச்சு எது என்று பிரிக்க முடியவில்லை. மரத்தில் துணி கட்டாதீர்கள் என்று இருபது ஆண்டுகளாக வெள்ளிதோறும் பள்ளிவாசலில் பேசியவனின் தோட்டம் இது.

பக்கத்துத் தோட்டத்து நஜருல்லாவைக் கேட்டேன். "இதுல என்ன ஹஜ்ரத், தடியா வளர்ந்ததெல்லாம் ஆம்பள, போட்டுத் தள்ளுங்க" என்றான். தன் சரிவில் ஆண் மரம் ஒன்றுவிடாமல் வெட்டிவிட்டு, போன ஆண்டு பருப்பில்லாத வெறும் ஓடாகப் பொறுக்கியவன் அவன். பிஸ்தாவைக் காதலியின் சிரிப்புக்கு உவமை சொன்ன கவிஞர்கள் நம் மொழியில் எத்தனையோ பேர். மொட்டை மரத்தில் ஆண் எது என்று ஒருவரும் பாடிவைக்கவில்லை. ஆண் மொட்டு சற்றுப் பருத்திருக்கும் என்பார்கள். தடவித் தடவிப் பார்த்தேன். உன் தாயோ, "நேத்து குண்டுன்னீங்க, இன்னைக்கு ஒல்லிங்கறீங்க. மொட்டு மாறலை, உங்க கண்ணாடியைத்தான் மாத்தணும்" என்கிறாள்.

பூ வரும்வரை பொறுக்கலாம். ஆனால் அதற்குள் பதினொன்றும் ஈரத்தைக் குடித்துவிடும், பிஞ்சு நிற்காது. ஆகவே நேற்று துணிந்து, சரிவின் மேலிருந்து மூன்றாவது மரத்தில் கோடரியை ஓங்கினேன். அதிலிருந்த நீலக் கந்தல் உன் பழைய சட்டையின் கை. உன் தாய் பின்னாலேயே வந்திருந்தாள். "வெட்டுங்க, நான் வேணாங்கலை. அவன் திரும்பி வரணும்னு போட்ட முடிச்சு அது. முதல்ல அதை உங்க கையால அவிழ்த்துட்டு வெட்டுங்க" என்றாள். கந்தலுக்குக் கேட்கும் காது கிடையாது என்பதில் எனக்கு இன்றும் ஐயமில்லை. இருந்தும் விரல் முடிச்சுக்குப் போகவில்லை. மரம் பெண்ணாக இருக்குமோ என்று நிறுத்தினேனா, முடிச்சுக்கு அஞ்சி நிறுத்தினேனா என்பது எனக்கே விளங்கவில்லை, அறிந்தவன் மன்னிக்கட்டும்.

ஆகையால் மரங்களை மேலிருந்து வரிசையாக வரைந்து, ஆண் எவை என்று குறித்து, ஊருக்கு வருபவர் யார் கையிலாவது உடனே கொடுத்தனுப்பு. நினைவில்லையென்றால் நினைவில்லை என்றே எழுது, ஊகித்து எழுதாதே. தவறான மரம் ஒன்று விழுந்தால் இன்னும் எட்டு ஆண்டு காத்திருக்க எனக்கு வயதில்லை. தொழுகையைத் தவறவிடாதே, கூட இருப்பவர்களோடு சண்டை வேண்டாம். உன் உழைப்பிலும் உடம்பிலும் இறைவன் பரக்கத் செய்வானாக.

உன் கடிதம் வந்து சேருமுன் பூ விரிந்துவிட்டால் மரங்களே சொல்லிவிடும். அப்போதும் எழுது. மூன்றாவது மரத்தை மட்டும், அது ஆணாகவே இருந்தாலும், நீ வரும்வரை தொட மாட்டேன்.

உனக்காகக் கையேந்தியிருக்கும் தந்தை,
அப்துஜலால்