பனிக்கால மூடி

டிசம்பர் 3

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது. எழுதினால் பாதிக் கோபம் பேனாவோடு போய்விடும் என்று இதை எழுதி, மேட்டுக் கடைக்கு ரொட்டி ஏற்றிப்போகும் வண்டிக்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

சிட்டுவுக்கு இழுப்பு குறைந்ததா? "பேக்கரி அடுப்பு அணையற வரைக்கும் நாங்க கீழ இறங்க மாட்டோம்" என்று சொல்லிவிட்டு மேட்டில் இருக்கும் உன் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாய். அந்த அடுப்பில்தான் நம் சோறும் வேகிறது.

ஒன்று மட்டும் புரியவில்லை. கோடையிலும் இதே அடுப்பு, இதே விறகு. அப்போது தெருவெல்லாம் ஓடினாளே, ஒரு இருமல் உண்டா? பனிக்காலம் வந்தால் மட்டும் என் புகைக்கு ஏன் இவ்வளவு கொழுப்பு? அக்கா வீட்டு மாடியிலிருந்து நம் புகைபோக்கி தெரியும். விடியும்போது புகை என்ன செய்கிறது என்று பார்த்து எழுது. கோபமாகப் பார்த்தாலும் பரவாயில்லை, சரியாகப் பார்.

அன்புடன்,
சிட்டுவின் அப்பா


டிசம்பர் 6

அன்புள்ள சிட்டுவின் அப்பாவுக்கு,

அவள் நன்றாகத் தூங்குகிறாள். நான்தான் தூங்கவில்லை, உங்கள் புகையைப் பார்க்க எழுந்ததால்.

புகை நேராகத்தான் எழும்புகிறது. தண்ணீர்த் தொட்டி உயரம் வந்ததும் கூரையில் முட்டியதுபோல நின்று, பக்கவாட்டில் படுத்துவிடுகிறது. உங்களுடையது மட்டுமில்லை, பஸ் நிலையத்துப் புகை, குப்பைமேட்டுப் புகை எல்லாம் அந்த உயரத்திலேயே படுக்கின்றன. மூன்று பக்கமும் மலை, நடுவில் ஊர். நீங்கள் மாவுப் பாத்திரத்தை ஈரத்துணியால் மூடுவீர்களே, அப்படி இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. உங்களுக்கு அங்கே பல் கிட்டுகிற நேரத்தில் சிட்டு இங்கே ஸ்வெட்டரைக் கழற்றுகிறாள். குளிர் முழுக்கப் பள்ளத்தில் இறங்கி உட்கார்ந்துகொள்கிறது, வெதுவெதுப்பு அதன்மேல் மூடியாகிவிடுகிறது. வெயில் ஏறினால்தான் மூடி உடைகிறது. அப்புறம் ஊர் தெரிகிறது. கோடையில் காற்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விடுமே, மூடி எங்கே நிற்கும்?

ஆக, தப்பு உங்கள் அடுப்பினுடையது மட்டுமில்லை. ஆனால் அந்த மூடிக்குள் முதலில் புகைவது உங்கள் அடுப்புதான். அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இங்கே ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் முற்றத்து இலைகளைக் கூட்டி எரிக்கிறேன். அந்தப் புகைகூட மரியாதையாக வெளியே போய்விடுகிறது.

சிட்டுவின் அம்மா


டிசம்பர் 11

சிட்டுவின் அம்மாவுக்கு,

கடை விடுமுறையன்று அடுப்பையே மூட்டவில்லை. அப்படியும் பொழுது சாய்ந்ததும் தொண்டை எரிந்தது. விறகு வாசனை இல்லை, வேறு ஏதோ.

பின்வாசலில் நின்று கைப்பிடி மாவை வீசிப் பார்த்தேன். மத்தியானம் அது மேட்டுப் பக்கம் ஏறியது. சாயங்காலம் வீசினால் மேட்டிலிருந்து வந்த காற்று அதைத் திருப்பி என் முகத்திலேயே அப்பியது. பக்கத்துத் தையல்காரர், "என்னப்பா, பொண்டாட்டி போன ஏக்கத்துல புத்தி கலங்கிடுச்சா?" என்றார். பாதி உண்மை என்றேன்.

மேட்டில் யாரோ மகராசி இலை எரிக்கிறாள். குளிர்ந்த காற்று புகையையும் கூட்டிக்கொண்டு பள்ளத்துக்கு இறங்குகிறது. யாரென்று கண்டுபிடி, நாலு வார்த்தை கேட்கவேண்டும்.

சிட்டுவின் அப்பா


டிசம்பர் 13

அன்புள்ள சிட்டுவின் அப்பாவுக்கு,

நாலு வார்த்தையையும் என்னிடமே கேளுங்கள். எனக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. புகைக்குப் பயந்து ஓடிவந்தவள், கட்டினவர் வீட்டுக்கே தினமும் புகை அனுப்பியிருக்கிறேன்.

இலைகள் இப்போது குழியில் மக்குகின்றன. இனி உங்கள் முறை. மூடி உடைந்தபின் அடுப்பை மூட்ட முடியாதா? காலை வியாபாரம் போகும், தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன்.

சிட்டுவின் அம்மா


டிசம்பர் 18

அன்புள்ள சிட்டுவின் அம்மாவுக்கு,

கடை வாசலில் பலகை வைத்துவிட்டேன்: 'பனிக்காலம் முடியும்வரை ரொட்டி மாலையில் மட்டும்.' காலை வாடிக்கை பாதி போய்விட்டது. டீக்கடைக்காரர் மட்டும், "சுட்டுத் திங்க நேத்து ரொட்டிதாங்க ருசி" என்று ஆறுதல் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். என் ஒரு அடுப்பால் ஊர்க் காற்று சுத்தமாகிவிடவில்லை. பஸ்கள் ஓடுகின்றன, குப்பை எரிகிறது. தையல்காரர் இன்னும் இருமுகிறார். அதனால் பனிக்காலம் முடியும்வரை உன்னைத் திரும்பி வா என்று கூப்பிடமாட்டேன். கூப்பிட ஆசை இருக்கிறது.

ஆனால் ஒன்று. கல்யாணமான நாளிலிருந்து விடியற்காலையில் நான் அடுப்படியில்தான் இருந்திருக்கிறேன், உன்னோடு உட்கார்ந்து ஒருநாளும் காலைச் சாப்பாடு சாப்பிட்டதில்லை. இப்போது மூடி உடையும்வரை எனக்கு வேலை இல்லை. முதல் பஸ்ஸில் ஏறி வந்தால், திரும்ப இறங்கி அடுப்பு மூட்ட நேரம் சரியாக இருக்கும்.

தினமும் வரலாமா?

சிட்டுவின் அப்பா


டிசம்பர் 19

வாருங்கள். இதைக் கொண்டுவரும் வண்டிக்காரருக்கு இனி இந்த வேலை இல்லை என்று சொல்லிவிடுங்கள்.

பஸ், புகைமூடியைத் தாண்டி வெளியே வரும் வளைவைச் சிட்டு கண்டுபிடித்துவிட்டாள். நாளை அங்கே நிற்போம். குளிராது, ஆனாலும் நீங்கள் சில்லென்ற கையோடு அவளைத் தூக்குவீர்கள், அவளுடைய ஸ்வெட்டரை எடுத்து வருகிறேன்.